சுவிட்சுக்கும் ஒரு தடைக்காலம்

இலக்கியம் பேசக் கூடும் இடத்தில், கல்லூரி அலுவலகத்தின் இரும்பு அலமாரிக்குள் தூசி படிந்து கிடக்கும் ஒரு மின்னணுப் பெட்டியைப் பற்றி எழுத முனைகிறோம். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். நன்னூலும் காரிகையும் நடத்திக் காலந்தள்ளும் நமக்கு அப்பெட்டியோடு என்ன உறவு என்று வினவலாம். அது தானாக வந்த உறவன்று. உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்பும் பொறுப்பு அந்த ஆண்டு நம் தலையில் விழுந்திருந்தது. கடைசி நாள், மாலை 5 மணியோடு தளம் அடைபடும். 4 மணிக்கு அலுவலகக் கணினிகள் ஐந்தும் ஒருசேர ஊமையாயின. கைபேசி இணைப்பைக் கொண்டு தளத்தைத் திறந்துவிட்டோம். ஆனால் மாணவரின் சான்றிதழ்ப் படிகள் இருந்த சேமிப்புக் கணினியை எட்டுவதற்கும் அந்தப் பெட்டியே வழி. பெட்டி இருந்த அலமாரியின் சாவியோ கண்காணிப்பாளரிடம். அவர் இராமநாதபுரம் கருவூலத்துக்குப் போயிருந்தார்.

அவர் திரும்பி வந்து, கதவைத் திறந்து, மின்சாரத்தைத் துண்டித்து மீளக் கொடுத்தபோது 5.20. பெட்டி உடனே உயிர்பெற்றது. பெரியபட்டினத்துக் கடற்கரைத் தெருவிலிருந்து வரும் மாணவி ஒருத்திக்கு அவ்வாண்டு உதவித்தொகை இல்லாமற் போயிற்று. அவள் அழவில்லை. "பரவால்லங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தாள். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்குப் பின் எழுதப்படுவது.

ஓர் அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் ஒன்றோடொன்றும் வெளியுலகோடும் இணைக்கும் பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர். விளக்கு, விசிறி போடும் சுவிட்சை இலங்கைத் தமிழர் 'ஆளி' என்று அழகாக ஆள்கிறார்கள். நம் பக்கத்தில் எல்லாமே சுவிட்ச்தான். அதன் வயிற்றுக்குள் நிலையாகப் பதிந்து அதை இயக்கும் நிரலை ஃபர்ம்வேர் என்பர். வன்பொருள், மென்பொருள் என்று பிரித்த கலைச்சொல்லாளர் இதற்கு 'நிலைப்பொருள்' என்று பெயரிட்டனர். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நிலைத்து நிற்பதாலேயே அதை எவரும் நினைப்பதில்லை. ஆயினும் செய்த நிறுவனத்தார் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ அதன் புதிய பதிப்பை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதை எப்போது ஏற்றுவது, ஏற்றத்தான் வேண்டுமா என்பதே வினா.

அந்நிகழ்ச்சிக்குப் பின் கூடிய ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு கட்சிகள் எழுந்தன. முதற் கட்சியார், இன்றே புதிய பதிப்பை ஏற்றிவிட வேண்டும் என்றனர். அவர்களுள் ஒருவர், நம் முகம் பார்த்து, பழையவை நீங்குவதும் புதியவை நுழைவதும் குற்றமன்று என்னும் நன்னூலின் இறுதிச் சூத்திரத்தை நமக்கே நினைவூட்டினார். மற்றக் கட்சியார், ஓடுகிற வண்டியின் சக்கரத்தைக் கழற்றாதீர் என்றனர். அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறதே, பிறகு என்ன என்பது அவர்கள் வாதம்.

பவணந்தியாரை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் அந்த இசைவைக் காலத்தைச் சார்த்தியே வழங்கினார். எது புகலாம் என்பதைவிட எந்தக் காலத்தில் புகலாம் என்பதே அங்கே நிபந்தனை. அலுவலகங்களில் அந்தக் காலத்தைத்தான் எவரும் குறிப்பதில்லை.

பதிப்பு மாற்றம் பற்றிப் பேசத் தமிழ் படித்தவர்க்கு ஓரளவு உரிமை உண்டென்றே கருதுகிறோம். ஏடு பெயர்த்தெழுதிய மரபு நம்முடையது. பெயர்த்தெழுதுவோன் முன் ஏட்டின் பிழை சிலவற்றைத் திருத்துவான். தன் கைப்பிழை சிலவற்றைச் சேர்ப்பான். பிந்திய ஏடு என்பதாலேயே அது நல்ல ஏடு ஆகிவிடாது. பதிப்பாசிரியர்கள் கிடைத்த ஏடுகளையெல்லாம் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கியது அதனால்தான். சுவிட்சின் புதிய பதிப்போடும் ஒரு குறிப்பு வெளியாகிறது. திருத்தப்பட்ட பிழைகள் இவை, அறிந்தும் திருத்தப்படாதவை இவை என்று இரண்டு பட்டியல் அதில் இருக்கும். அதைப் படிப்பவர் அரியர். பாடவேறுபாடுகளைப் பார்க்காமல் பாடம் நடத்துவதற்கு ஒப்பானது இது. நாம் படித்தோம், பாதி விளங்கவில்லை, விளங்கிய பாதி போதுமானதாக இருந்தது.

ஆனால் குறிப்பைப் படிக்கும் முன்னர்ச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பெட்டியின் நோய் எது என்று அறியவேண்டும். நாள், மணி, நேர்ந்தது, செய்தது என்று நான்கு பத்தி கோடிட்ட ஒரு குறிப்பேட்டை அலமாரிக் கதவில் நூல் கட்டித் தொங்கவிட்டோம். சில வாரங்களிலேயே அது பேசத் தொடங்கிற்று. இந்தக் கரையோரத்தில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. சன்னல் கம்பியைத் தின்பது போலவே கம்பிவடத்தின் முனையிலுள்ள செப்புப் பற்களையும் தின்கிறது. விட்டுவிட்டு வரும் இணைப்புகளிற் பெரும்பகுதி, களிம்பேறிய முனைகளை வெட்டிப் புதிய முனை பொருத்தியதும் சீராயிற்று. மற்றொரு நாள் மொத்த அலுவலகமும் முடங்கியதற்குக் காரணம், பெருக்க வந்தவர் தரையிற் கிடந்த வடத்தின் தனித்த முனையை நல்லெண்ணத்தோடு எடுத்துக் காலியாயிருந்த துளையிற் செருகியது. வடத்தின் இரு முனையும் ஒரே பெட்டிக்குள் போனதால் செய்தி தன்னையே சுற்றிச் சுற்றிப் பெருகி வழியை அடைத்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் ஃபர்ம்வேர் என்ன செய்யும்? முதற் கட்சியார் சொல்லியவாறு அன்றே புதிய பதிப்பை ஏற்றியிருந்தால், உப்பு தின்ற முனையின் குற்றத்தைப் புதிய பதிப்பின்மேற் சுமத்தி அதையும் வைதிருப்போம்.

இவையெல்லாம் கழிந்தபின் எஞ்சியது ஒரே பழுது. விளக்குகள் எரியும், செய்தி போகாது. அன்று அந்த மாணவிக்கு நேர்ந்த அதே பழுது. குறிப்பேட்டில் அது மூன்று முறை பதிவாகியிருந்தது. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே 49 நாள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 50. நூலகத்தில் இருந்த அதே வகைப் பெட்டிக்கோ இந்த நோய் ஒருமுறைகூட வரவில்லை. அலுவலகப் பெட்டிக்கு யுபிஎஸ் உண்டு, நூலகத்துப் பெட்டிக்கு இல்லை. வேறு வேற்றுமை எதுவும் இல்லை. நம் ஊர் மின்வெட்டு நூலகத்துப் பெட்டியை மாதம் இரு முறையேனும் அணைத்து எழுப்பிக்கொண்டிருந்தது. மின்வெட்டை வாழ்த்த நேர்ந்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

49 என்ற எண்ணைக் கேட்டதும் கணினித்துறை நண்பர் சிரித்துவிட்டார். ஓர் இயந்திரம் தான் விழித்திருந்த நேரத்தை மில்லிவினாடிகளில் எண்ணி 32 இரும இலக்கங்களுக்குள் எழுதிவைத்தால், 49 நாள் 17 மணி நேரம் கடந்ததும் அந்த எண் நிரம்பி மீண்டும் சுழியமாகும். விண்டோஸ் 95-இல் இப்படி ஒரு பிழை இருந்தது பலர் அறிந்தது. நிரலை எழுதியவர் அந்தத் திரும்பலை எதிர்பாராதிருந்தால் இயந்திரம் திகைத்து நின்றுவிடும். 2015-இல் போயிங் 787 வானூர்திகளின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டில் இதே குடும்பத்துப் பிழை ஒன்று தெரியவந்தது. 248 நாள் இடைவிடாது மின்சாரத்தில் இருந்தால் அது நின்றுபோகக்கூடும். ஆகவே குறித்த இடைவெளியில் மின்சாரத்தை நிறுத்தி எழுப்புக என்று அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகமே ஆணையிட்டது. 'அணைத்துப் போடு' என்னும் நம் அலுவலக உதவியாளரின் வைத்தியத்தை இனி எள்ள மாட்டோம். அவர் அதைப் பழுது வந்தபின் செய்தார், அவர்கள் வருமுன் செய்தார்கள்; வேறுபாடு அவ்வளவே.

வெளியீட்டுக் குறிப்பைத் திரும்பப் புரட்டினோம். நெடுநாள் விழித்திருக்கும் பெட்டி உறைந்துவிடும் பிழை திருத்தப்பட்டது என்று ஒரு வரி இரண்டு பதிப்புகளுக்கு முன்பே இருந்தது. இப்போது நோயும் தெரியும், மருந்தும் தெரியும். இனித் தயங்க என்ன இருக்கிறது என்று தோன்றும். காலம் இருக்கிறது.

மருந்தே நோயான கதைகள் உண்டு. அமெரிக்காவின் ஏடி அண்டு டி தொலைபேசி நிறுவனம் 1989 டிசம்பரில் தன் நெடுந்தொலைவு அழைப்புகளை மாற்றிவிடும் பெரும் சுவிட்சுகளுக்கெல்லாம் புதிய நிரலை ஏற்றியது. ஒரு சுவிட்ச் தடுக்கி எழுந்தால் மற்றவை அதனை விரைவிற் கண்டுகொள்ளவேண்டும் என்பதற்கான மேம்பாடு அது. ஏறத்தாழ ஒரு மாதம் குறையின்றி ஓடியது. 1990 ஜனவரி 15 பிற்பகலில் நியூயார்க்கில் ஒரு சுவிட்ச் தடுக்கி எழுந்தது. எழுந்துவிட்டேன் என்று அண்டையிலுள்ளவற்றுக்குச் செய்தி அனுப்பியது. அச்செய்தியே அவற்றைத் தடுக்கி விழச்செய்தது. அவை எழுந்து அனுப்பிய செய்தி மற்றவற்றை விழச்செய்தது. 114 சுவிட்சுகளும் இப்படி விழுந்தும் எழுந்தும் ஒன்பது மணி நேரம் நாட்டின் தொலைபேசியைக் குலைத்தன. காரணம், நிரலில் இடம் மாறி நின்ற ஒரே ஒரு கட்டளைச் சொல். சந்திப்பிழை ஒன்று பொருளைக் கவிழ்த்துவிடும் என்று வகுப்பில் சொன்னால் மாணவர் நம்புவதில்லை. இனி இதைச் சொல்லலாம். நமக்கு இதில் உறைத்தது வேறு. 114-க்கும் ஒரே பதிப்பு ஏற்றப்பட்டிருந்தது; ஒன்று விழுந்தால் தாங்கிக்கொள்ளப் பழைய பதிப்பில் ஒன்றும் இல்லை.

டொராண்டோவில் வாழும் நண்பர்களுக்கு 2022 ஜூலை 8 நினைவிருக்கும். ராஜர்ஸ் நிறுவனத்தின் இணைப்பை நம்பியிருந்த ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு அன்று கைபேசியும் இல்லை, இணையமும் இல்லை. கடைகளில் அட்டை தேய்க்க முடியவில்லை. அவசர அழைப்புகூடப் பலர்க்குக் கிட்டவில்லை. அது சுவிட்சின் ஃபர்ம்வேர் அன்று. ஏழு கட்டங்களாக நடந்துவந்த வலையமைப்பு மேம்பாட்டின் ஆறாங்கட்டத்தில், ஒரு வடிகட்டியை நீக்கியதால் மையத்திலிருந்த கருவிகள் வெள்ளத்தில் மூழ்கியது போல் மூழ்கிவிட்டன. ஆனால் பின்னர் வெளியான ஆய்வறிக்கை சொல்லும் இரண்டு செய்திகள் எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். முந்தைய கட்டங்கள் தீங்கின்றி முடிந்தமையால் ஆறாங்கட்டத்தின் ஆபத்து 'குறைவு' என மதிப்பிடப்பட்டிருந்தது. மேலும், விழுந்த வலையமைப்பைத் தூக்கி நிறுத்த வேண்டிய ஊழியரும் அதே வலையமைப்பையே நம்பியிருந்தனர். தம்முள் பேசிக்கொள்ளவும் வழியின்றி நின்றனர். நம் அலமாரிச் சாவி கருவூலத்துக்குப் போன கதையின் பெரிய பதிப்பு.

இவற்றைக் கேட்டு இரண்டாங்கட்சியார் மகிழ்ந்தனர். நெடுநேரம் மகிழவிடவில்லை. சிஸ்கோ நிறுவனத்துச் சுவிட்சுகளில் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்றொரு வசதி உண்டு. புதிய பெட்டியைத் தொலைவிலிருந்தே அமைக்க உதவுவது. அதன் ஓட்டை ஒன்றுக்கு 2018 மார்ச் இறுதியில் திருத்தம் வெளியாயிற்று. ஏப்ரல் முதல் வாரம் முடிவதற்குள் ஈரானிலும் ரஷ்யாவிலும் சுவிட்சுகள் தாக்கப்பட்டு, அவற்றின் அமைப்புகள் அழிக்கப்பட்டு, திரையில் அமெரிக்கக் கொடி நின்றது. ஈரானில் மட்டும் 3,500 பெட்டிகள் என்றார் அந்நாட்டு அமைச்சர். இன்னும் வியப்பு, 2025 ஆகஸ்டிலும் அதே ஓட்டையின் வழியே ரஷ்ய உளவாளர்கள் நுழைந்துகொண்டிருப்பதாக அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரிக்க நேர்ந்ததுதான். திருத்தம் வெளிவந்து ஏழாண்டு கடந்தும் எங்கெங்கோ அலமாரிகளுக்குள் பழைய பெட்டிகள் 'ஓடிக்கொண்டு' இருக்கின்றன. இத்தனைக்கும் அந்த வசதி தேவைப்படாதவர்கள் ஒரே கட்டளையால் அதை அணைத்துவைத்திருக்கலாம். பதிப்பை மாற்றவே வேண்டியிருந்திராது.

ஆக, காத்திருக்கக்கூடாத பழுதும் உண்டு, காத்திருக்கவேண்டிய பழுதும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய நம் ஊரில் பாடம் தேடி அலையவேண்டியதில்லை. சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணிலிருந்து கிடைக்கும் ஊர் இது. காற்று மாறும்வரை கப்பல்கள் காத்துக்கிடந்த துறை. இன்றும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. 2017-க்கு முன் அது 45 நாளாக இருந்தது. மீன்வளம் பெருகட்டும் என்று அரசு விதித்த தடைக்காலம். ஆனால் கரையில் அது படகின் வைத்தியக் காலமாகிவிட்டது. படகைக் கரையேற்றுகிறார்கள், அடிப்பலகை பார்க்கிறார்கள், இஞ்சினைப் பிரிக்கிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள், வலை கொத்துகிறார்கள். பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள். விசைப்படகு வைத்திருக்கும் அண்டைவீட்டுப் பெரியவரிடம் நம் சுவிட்ச் வழக்கை எடுத்துரைத்தோம். "கடல்ல வச்சு இஞ்சினப் பிரிப்பாகளா சார்?" என்றார். நடுக்கடலில் தண்ணீர் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். "அப்ப கெடச்சத வச்சு ஓட்டைய அடைக்கணும், தண்ணிய எறைக்கணும், கரைக்கு வரணும். வந்துட்டுத்தான் பலகைய மாத்தணும்" என்றார். சிஸ்கோவின் ஒற்றைக் கட்டளையும் இவர் சொல்லும் அடைப்பும் ஒன்றே.

இத்தனை தெளிவான முறை அலுவலகத்துக்குள் ஏன் நுழைவதில்லை? நம் கருத்தில், அறியாமை அதற்குக் காரணமன்று. பழி பங்கிடப்படும் முறையே காரணம். பதிப்பை மாற்றியவர் கையில் பெட்டி நின்றுபோனால் 'யார் தொடச் சொன்னது?' என்ற குறிப்பாணை வரும். மாற்றாமல் விட்டுப் பெட்டி நின்றுபோனால் அது இயந்திரக் கோளாறு; அதற்கு ஆள் கிடையாது. செய்தவனுக்குப் பெயர் உண்டு, செய்யாதவனுக்குப் பெயர் இல்லை. வள்ளுவர் தெரிந்துசெயல்வகையில் செய்யத்தகாததைச் செய்வதையும் செய்யத்தக்கதைச் செய்யாமையையும் ஒரே கேட்டிற்குரியனவாக வைத்தார். நம் அலுவலக நடைமுறை முதலாவதற்கு மட்டும் விளக்கம் கேட்கும். இதில் எவர் துணிந்து கையெழுத்திடுவார்? கூட்டத்தில் நல்ல மனிதர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை நாம் குறைகூறவில்லை. நாமும் சற்று நேரம் சுவரைத்தான் பார்த்தோம். கடற்கரைத் தெருவுக்கு நடந்துபோன மாணவியின் பெயர் அந்தக் கூட்டக் குறிப்பில் இடம்பெறவில்லை. இடம்பெறக் கட்டமே இல்லை.

நாளை நாம் குறிக்காவிட்டால் இயந்திரம் குறித்துவிடும். பாம்பனில் பார்த்தோமே. 1914-இல் திறந்த பாலத்துக்கு மாற்றாகப் பக்கத்திலேயே புதிய பாலம் எழுந்துகொண்டிருந்தபோது, 2022 டிசம்பரில் பழையதன் தூக்குப்பகுதி தன் நாளைத் தானே குறித்துக்கொண்டது. ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6-இல் புதியது திறக்கும்வரை இராமேசுவரம் போவோர் கரையிலேயே இறங்கிப் பேருந்து பிடித்தனர். மாற்றம் வேண்டும் என்ற முடிவு எடுக்கப்பட்டிருந்தும் இந்நிலை. முடிவே எடுக்காத இடங்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே, பெட்டியை மாற்றுவதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பை விடுத்து, கல்லூரி நாட்காட்டியில் ஒரு தடைக்காலம் கேட்டோம். தேர்வு முடிந்து முடிவுகள் வருமுன் மே மாதத்தில் ஒரு வாரம். அவ்வாரத்தில் வடங்கள் பார்க்கப்படும், குறிப்பேடு படிக்கப்படும், வெளியீட்டுக் குறிப்பு படிக்கப்படும். பதிப்பை மாற்றுவதென்றாலும் மாற்றாமல் விடுவதென்றாலும் காரணத்தை எழுதி ஒருவர் கையெழுத்திடவேண்டும். மாற்றாமைக்கும் கையெழுத்து என்ற இடத்தில்தான் எதிர்ப்பு எழுந்தது. அதை மட்டும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. மே வரும்வரை, மாதத்தின் முதல் ஞாயிறன்று காவலர் பெட்டியை அணைத்துப் போடுவார்; அலமாரிச் சாவியின் இரண்டாம் படி அவரிடம் இருக்கும்.

மே மாதம் முதலில் நூலகத்துப் பெட்டியைத்தான் மாற்றினோம். அது நின்றாலும் கோடை விடுமுறையில் கேட்பார் இல்லை. பழைய பதிப்பையும் பெட்டியின் அமைப்புகளையும் தனியே படியெடுத்து வைத்துக்கொண்டோம். ஏற்றும்போது மின்சாரம் போனால் பெட்டி பிணமாகிவிடும் என்று நண்பர் எச்சரித்ததால், அலுவலகத்து யுபிஎஸ்ஸை இருவர் சுமந்து நூலகத்துக்குக் கொண்டுசென்றோம். ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் விளக்குகள் செம்மஞ்சளாக மின்னியதைப் பார்த்துக்கொண்டு நின்றது, வாய்மொழித் தேர்வுக்கு நின்ற நாளை நினைவூட்டியது. யுபிஎஸ்ஸை அங்கேயே விட்டுவைத்து, மின்வெட்டுத் தீண்டாமல் பெட்டியை 50 நாளுக்கு மேல் விழித்திருக்கச் செய்தோம், உறையவில்லை. ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாலை அலுவலகத்துப் பெட்டிக்கும் ஏற்றினோம்.

ஆய்வகத்திலுள்ள மூன்றாவது பெட்டிக்குப் புதிய பதிப்பு வருவதே இல்லை. செய்தவர்கள் அதைக் கைவிட்டுப் பல ஆண்டாயின. அதை மாற்றப் பணம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். மாற்றாமைக்கான காரணம் என்ற பத்தியில் 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.